பழைய அம்பாசிடருக்குப் பெரிய எஞ்சின்: வீட்டிலேயே மாற்ற நினைப்போர் கேட்கும் கேள்விகள்

தாத்தா வாங்கிய அம்பாசிடர் தொழுவத்துக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் வீடுகள் பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் திசையன்விளையிலும் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பேரன்மார் லீவுக்கு வரும்போதெல்லாம் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதில் வேறு எஞ்சின் வைத்தால் என்ன?" என்று ஆரம்பிக்கிறார்கள். அதற்குப் பின்னால் வரிசையாக வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பெரும்பாலும் அம்பாசிடரை வைத்தே பேசுகிறேன். பிரீமியர் பத்மினி கார் வைத்திருப்பவர்களுக்கும் சில இடங்களில் செய்தி உண்டு.

வண்டி ஏற்றத்தில் இழுக்கவே இல்லை. பெரிய எஞ்சின் வைத்தால் சரியாகிவிடுமா?

முதலில் இருக்கிற எஞ்சின் என்ன நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் புதிதாக இருந்தபோது சுமார் 50 குதிரைத்திறன் தந்தது. பல ஆண்டுகள் நின்ற வண்டியில் வால்வு சரியாக மூடாது, கார்புரேட்டர் ஜெட்டில் பிசின் படிந்திருக்கும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகள் துருவேறி அசையாமல் நிற்கும். இத்தனையும் சேர்ந்தால் ஐம்பதில் எவ்வளவு மிஞ்சும்? கம்ப்ரெஷன் கேஜ் ஒன்றை இரவல் வாங்கி நான்கு சிலிண்டரையும் அளந்து பாருங்கள். நான்கும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தால் எஞ்சினில் உயிர் இருக்கிறது. பிறகு நான்கு சக்கரங்களையும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். சக்கர சிலிண்டர் இறுகிப் பிரேக் பிடித்தபடியே ஓடும் வண்டியைப் "பலமில்லாத வண்டி" என்று ஊரே பழித்துக்கொண்டிருக்கும்.

இந்த எஞ்சின் லேசுப்பட்டதும் அல்ல. இது பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்து 'பி' வரிசை எஞ்சின். இதே 1489 சி.சி. அளவில், இரட்டை கார்புரேட்டருடன், எம்.ஜி.ஏ. என்ற விளையாட்டு காரில் 68 குதிரைத்திறனும் பிறகு 72-ம் தந்தது. ஆகவே சிலிண்டரைப் போர் போட்டு, ஹெட்டைச் சீவி, வால்வு இருக்கைகளைக் கடினமான உலோகத்தில் மாற்றி, கார்புரேட்டரையும் சைலன்சர் குழாயையும் சீர்செய்தாலே பாபநாசம் ஏற்றத்தில் வண்டியின் குணம் மாறிவிடும். வால்வு இருக்கையை ஏன் சொல்கிறேன் என்றால், 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஈயம் கலந்த பெட்ரோல் நாட்டில் நின்றுபோனது. பழைய எஞ்சின்களின் மெத்தென்ற வால்வு இருக்கைகளை அந்த ஈயம்தான் தேயாமல் காத்துவந்தது.

இதையெல்லாம் செய்துபார்த்த பிறகும் போதாது என்பவர்களுக்கே மீதிக் கேள்விகள்.

அண்ணாச்சி, ஆர்.சி. புத்தகத்தில் பிரச்சினை வருமா?

வரும். எஞ்சின் வாங்குவதற்கு முன்பே தீர்க்கவேண்டிய பிரச்சினை இது. பலர் எஞ்சினை இறக்கி, ஓட்டி, வீடியோவும் எடுத்தபிறகு கேட்கிறார்கள்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்வது இது: பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது. எரிவாயு, பேட்டரி போன்றவற்றுக்கு மாற்ற அனுமதி பெற்ற கருவி பொருத்துவதற்கு விலக்கு உண்டு. எஞ்சினை மாற்றியிருந்தால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்கவேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. தெரிவித்தாலே ஏற்றுக்கொண்டுவிடுவார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் இந்தப் பிரிவைக் கறாராகவே படித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

ஆகவே செய்யவேண்டியது: எந்த எஞ்சின், என்ன கொள்ளளவு, எந்த நிறுவனத்துடையது என்று தெளிவாக எழுதி, வண்டி எண் டி.என். 72 ஆனால் நெல்லையிலும், 76 ஆனால் தென்காசியிலும், 69 ஆனால் தூத்துக்குடியிலும் உள்ள அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். "அதெல்லாம் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்" என்று தேநீர்க் கடையில் கிடைக்கும் அனுமதி எஃப்.சி. என்ற தகுதிச் சோதனை அன்று உதவாது. இல்லை என்று பதில் வந்தால், பழைய எஞ்சினையே நன்றாகச் செய்துகொள்ளுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவிக்கவேண்டும். மறைத்தால் விபத்து நேரத்தில் இழப்பீடு கேட்கும்போது அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும்.

இன்னொன்று. 2021-இல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த சொந்த உபயோக வண்டியைப் பழம்பெரும் வாகனமாக, 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட எண்ணோடு பதிவுசெய்யலாம். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. உங்கள் வண்டி அந்த வயதை ஒட்டியிருந்தால், பெரிய எஞ்சின் வைத்த அன்றே அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். என்னைக் கேட்டால், 1960-களின் வண்டியை நான் தொடமாட்டேன். 1980-களின் வண்டி என்றால் யோசிக்கலாம்.

எந்த எஞ்சின் பொருந்தும்?

அம்பாசிடருக்கு உறவு முறையில் வருவது இசுசு 1817 சி.சி. பெட்ரோல் எஞ்சின். இதை இந்துஸ்தான் மோட்டார்ஸே முதலில் கான்டெஸா காரிலும், 1990-களில் அம்பாசிடரிலும் ஐந்து கியருடன் வைத்து விற்றது. அம்பாசிடரில் அதன் திறன் சுமார் 75 குதிரைத்திறன். அதாவது இந்த எஞ்சினுக்கு இந்த உடம்பு தொழிற்சாலையிலேயே பழகியது. எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங், குறுக்குச் சட்டம், ரேடியேட்டர், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலைச் சுழற்றும் புரொபெல்லர் ஷாஃப்ட் எல்லாவற்றுக்கும் அசல் பாகம் என்று ஒன்று எங்கோ இருக்கிறது. அலுவலகத்தில் மனுக் கொடுக்கும்போதும் அதே நிறுவனத்து எஞ்சின் என்று சொல்ல முடிகிறது.

அதே நிறுவனம் பிற்கால அம்பாசிடர்களில் வைத்த இசுசு டீசல் எஞ்சினும் உண்டு. பெட்ரோல் வண்டியில் டீசல் வைத்தால் எரிபொருள் வகையும் ஆர்.சி.யில் மாறவேண்டும், எடையும் முன்பக்கம் கூடும். ஒரு காலத்தில் டாக்சிக்காரர்கள் கிலோமீட்டர் கணக்குப் பார்த்து டீசலுக்குப் போனார்கள். மாதம் இருமுறை திருச்செந்தூர் போய்வரும் குடும்ப வண்டிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

பத்மினியின் எஞ்சின் 1089 சி.சி. அதே பிரீமியர் நிறுவனத்தின் 118 என்.இ. காரில் நிசான் 1171 சி.சி. எஞ்சின் இருந்தது. அதுவும் பின்சக்கரம் உந்தும் வண்டி என்பதால் எஞ்சின் நீளவாக்கில் உட்காரும். தேடுபவர்கள் அந்தப் பக்கம் தேடலாம்.

இப்போதைய சிறிய கார்களின் எஞ்சினைக் கேட்டு வருபவர்கள்தான் அதிகம். அவை பெரும்பாலும் முன்சக்கரத்தை உந்துபவை, குறுக்காக உட்காருபவை. அவற்றை நீளவாக்கில் திருப்பினால் பின்னால் சேர்க்கக் கியர்பாக்ஸ் கிடையாது, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கைப் புதிதாக வார்க்கவேண்டும், கணினி, சென்சார், வயர்க் கொத்து என்று எல்லாம் தனி. லேத் பட்டறையை வீட்டிலேயே வைத்திருப்பவருக்கு அது பொழுதுபோக்கு. மற்றவர்களுக்கு அது தார்ப்பாய்க்குள் திரும்பிப் போகும் வண்டி.

எஞ்சின் மட்டும் வாங்கினால் போதுமா?

போதாது. எஞ்சின், பெல் ஹவுசிங், பிளைவீல், கிளட்ச், கியர்பாக்ஸ், கியர் லீவர், மவுண்டிங் ரப்பர்கள், மேனிபோல்டு, ஆல்டர்னேட்டர், வயர்க் கொத்து, புரொபெல்லர் ஷாஃப்டின் முன்முனை எல்லாம் ஒரே வண்டியிலிருந்து ஒன்றாக வரவேண்டும். "கியர்பாக்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பவர் ஒரு வருடம் கழித்தும் பார்த்துக்கொண்டிருப்பார். எஞ்சின்மேல் பொறித்த எண்ணைத் தேய்த்து மங்கலாக்கி வைத்திருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் திரும்பி வந்துவிடுங்கள். ரசீதும், எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதற்கான தாளும் இல்லாத எஞ்சின் பிறகு காவல் நிலையத்தில் உங்களிடம் கேள்வி கேட்கும்.

வீட்டு முற்றத்தில் வைத்துச் செய்ய முடியுமா? எஞ்சினை எதில் தூக்குவது?

முடியும். ஆனால் வேப்பமரக் கிளையில் தூக்கக் கூடாது, தொழுவத்துப் பனை உத்தரத்திலும் கூடாது. பழைய பனை உத்தரம் வெளியே வைரமாக இருந்து உள்ளே கறையான் தின்றிருக்கும். வெளியே தெரியாது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்தால் இருநூறு கிலோவை ஒட்டி வரும். அது அந்தரத்தில் ஆடும்போது சுமை இன்னும் கூடுகிறது. கனமான இரும்புக் குழாயில் முக்காலியோ, நான்கு கால் சட்டமோ செய்து, ஒரு டன் செயின் பிளாக் மாட்டுங்கள். இரண்டும் வாடகைக்குக் கிடைப்பவைதான். தொங்கும் எஞ்சினுக்குக் கீழே கையோ காலோ எந்த நிலையிலும் போகக் கூடாது. வேடிக்கை பார்க்க வரும் சித்தப்பாமாரை நடைக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்துவிடுங்கள்.

தரை முக்கியம். சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் ஜாக்கி நிற்காது. கோவில்பட்டி, கயத்தாறு கரிசலில் நேற்று நின்றது இன்று ஒரு மழைக்குப் பிறகு நிற்காது. சிமெண்டுத் தரை இல்லையென்றால் அதை முதலில் போடுங்கள், செலவில் அதையும் சேருங்கள். வண்டிக்கு அடியில் போகும்போது ஜாக்கியை நம்பாமல் இரும்பு ஸ்டாண்டு வையுங்கள். செங்கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்தும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. செங்கல் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

காலமும் பார்க்கவேண்டும். ஆடிக் காற்றில் திறந்த முற்றத்தில் எஞ்சினைப் பிரித்து வைத்தால் ஒவ்வொரு துளையிலும் மணல் குடியேறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரையில்லாத இடத்தில் வேலையே ஓடாது. தை பிறந்து பங்குனிக்குள் முடித்துவிடுவது நல்லது. சித்திரை வெயிலில் நெல்லையில் இரும்பு ஸ்பானரைக் கையால் தொடமுடியாது.

மவுண்டிங் செய்யும்போது கவனிக்கவேண்டியது என்ன?

இந்த வேலையில் பாதி இதுதான், பொறுமை முழுக்க இதற்கே வேண்டும்.

அம்பாசிடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. பாடியே சுமையைத் தாங்குகிறது. ஆகவே முன்பக்கத்துச் சட்டங்களும் தகடும் துரு பிடிக்காமல் இருக்கின்றனவா என்று முதலில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உவரி, மணப்பாடு போன்ற கடலோர ஊர்களில் நின்ற வண்டி என்றால் இரண்டு முறை தட்டுங்கள். துருவேறிய தகட்டில் புதிய மவுண்டிங்கை வெல்டு வைப்பது வீண்வேலை.

ஹெட், மேனிபோல்டு எல்லாவற்றையும் கழற்றிய வெற்று பிளாக்கையும் கியர்பாக்ஸையும் மட்டும் சேர்த்து முதலில் உள்ளே இறக்கிப் பாருங்கள். கீழே சம்ப்புக்கும் (எஞ்சினின் அடி எண்ணெய்த் தொட்டிக்கும்) குறுக்குச் சட்டத்துக்கும், சம்ப்புக்கும் ஸ்டியரிங் ராடுக்கும் இடையே இடைவெளி இருக்கிறதா, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்கத் திருப்பினாலும் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னே விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் இடையே, மேலே கார்புரேட்டருக்கும் பானட்டுக்கும் இடையே, பக்கத்தில் சைலன்சர் குழாய்க்கும் ஸ்டியரிங் தண்டுக்கும் இடையே எல்லாம் பார்க்கவேண்டும். எஞ்சின் நின்ற நிலையில் தொடாதது, ஓடும்போது ரப்பரில் குலுங்கித் தொடும். ஒரு விரல் கனமாவது இடம் விடுங்கள்.

அடுத்தது சாய்வு. எஞ்சின் பின்பக்கம் சற்றே தாழ்ந்து உட்காரும். கியர்பாக்ஸ் தண்டின் கோடும், பின் ஆக்சிலின் பினியன் கோடும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கவேண்டும். அவை நேர்கோட்டில் இருக்கவேண்டியதில்லை, இணையாக இருந்தால் போதும். அப்போதுதான் புரொபெல்லர் ஷாஃப்டின் ஒரு முனையில் உள்ள யூ ஜாயின்ட் உண்டாக்கும் வேக ஏற்றத்தாழ்வை மற்றொன்று சரிக்கட்டும். இதைக் கவனிக்காத வண்டி அறுபது கிலோமீட்டரில் அதிரத் தொடங்கும். டயர் பாலன்ஸ் என்று நினைத்து நான்கு கடை ஏறுவார்கள். சாய்வுமானியின் விலை மிகக் குறைவு. பின் இருக்கையில் இருவர் உட்கார்ந்து இலை ஸ்பிரிங் தாழ்ந்த நிலையில் அளந்து பாருங்கள்.

எல்லாம் சரியாக வந்தபிறகு மவுண்டிங் தகடுகளைப் புள்ளி வெல்டு மட்டும் வைத்து, எஞ்சினை எடுத்துவிட்டு, வெளியே வைத்து முழு வெல்டு செய்யுங்கள். பேட்டரி, பெட்ரோல் டேங்க் இரண்டும் வண்டியில் இருக்கக் கூடாது. காலியான டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, உள்ளே ஆவி இருக்கும். புரொபெல்லர் ஷாஃப்டை நீளம் மாற்றினால் கண்டிப்பாகப் பாலன்ஸ் செய்யும் பட்டறையில்தான். தெருமுனை வெல்டரிடம் வேண்டாம், அவர் உங்கள் மாமாவாக இருந்தாலும் சரி.

பின் ஆக்சிலின் கிரவுன் பல்சக்கரத்தையும் மாற்றவேண்டுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 அங்குலச் சக்கரத்து அம்பாசிடர் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.05 மீட்டர் போகும். பின் ஆக்சில் விகிதம் 4.5 என்று வைத்துக்கொண்டால், எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில், நேர் கியரில் (விகிதம் 1) வண்டி மணிக்குச் சுமார் 82 கிலோமீட்டர் போகிறது. ஐந்தாவது கியரின் விகிதம் 0.85 என்றால் அதே சுற்றில் 96. ஐந்து கியர் பெட்டி கிடைத்துவிட்டால் கிரவுனைத் தொடவேண்டாம். ஆக்சிலில் பல் ஓசையோ எண்ணெய்க் கசிவோ இருந்தால் அதைச் சரிசெய்யுங்கள், அவ்வளவே.

பிரேக்கை என்ன செய்வது?

எஞ்சினுக்கு முன்பாகச் செய்யவேண்டியது இது. வரிசையை மாற்றாதீர்கள்: பிரேக் முடிந்து வண்டி பழைய எஞ்சினோடு நன்றாக நின்றபிறகே புதிய எஞ்சினுக்குப் பணம் கொடுக்கவேண்டும்.

பழைய அம்பாசிடருக்கு நான்கு சக்கரத்திலும் டிரம். நான்குவழிச் சாலை வராத காலத்து வேகத்துக்கு அது போதும். வண்டியை நிறுத்தும்போது டிரம் விழுங்கும் வெப்பம் வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுகிறது. 80-இல் போன வண்டி 100-இல் போனால் வேகம் கால்பங்கு கூடியது என்று தோன்றும், பிரேக் தாங்கவேண்டியதோ ஒன்றரை மடங்குக்கும் மேல். நாங்குநேரி தாண்டி நாகர்கோவில் நோக்கி நான்குவழியில் போகும்போது, சாலைத் தடுப்பின் இடைவெளியில் ஆட்டுக் கூட்டம் ஏறும். அங்கே அந்த ஒன்றரை மடங்கு தெரியும். காரையாறிலிருந்து பாபநாசம் இறங்கும்போதும், ஆரியங்காவு இறக்கத்திலும் டிரம் சூடேறிப் பிடிப்பு குறைவது இன்னொரு விதம். பெடல் உறுதியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது.

குறைந்தபட்சம்: டிரம்களைக் கடைந்து, புது லைனிங், புது சக்கர சிலிண்டர்கள், புது ஹோஸ்கள், புதிய பிரேக் ஆயில். அடுத்தபடியாக முன் டிஸ்க்கும் பூஸ்டரும். பிற்கால அம்பாசிடரின் முன் டிஸ்க் அமைப்பு முழுதாகக் கிடைத்தால் மாஸ்டர் சிலிண்டரோடு சேர்த்து வாங்குங்கள். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரை டிஸ்க்குக்கு வைத்து ஓட்டக் கூடாது. இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் இல்லாத வண்டியில் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் போச்சு. அதையும் இதே கையோடு மாற்றிவிடுங்கள்.

முன்பக்க எடை மாறியிருந்தால், முன்சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக இருக்கும் டார்ஷன் பாரைச் சரிசெய்து உயரத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவரவேண்டும். பிறகே வீல் அலைன்மென்ட்.

நெல்லை வெயிலுக்கு ரேடியேட்டர் தாங்குமா?

பழைய ரேடியேட்டரின் அளவு பழைய எஞ்சினுக்கானது. கோர் வரிசைகளைக் கூட்டி மாற்றித்தரும் பட்டறைகள் உண்டு. விசிறியைச் சுற்றி உறை கட்டாயம் வேண்டும். அது இல்லையென்றால் விசிறி சுற்றிய காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் பக்கத்து மெக்கானிக்குகளின் தீராத வழக்கம். வேண்டாம் என்று சொல்லி நில்லுங்கள். எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடினால் சிலிண்டர் தேயும், பெட்ரோலும் கூடும். தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றுங்கள். ராதாபுரம் பக்கத்து உப்புக் கிணற்றுத் தண்ணீர் ஒரே கோடையில் ரேடியேட்டர் குழாய்களை அடைத்துவிடும். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியானாலும் ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம்.

வயரிங், பெட்ரோல் குழாய்?

பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாடியோடு இணைக்கும் பாசிட்டிவ் எர்த் இருந்ததுண்டு. பேட்டரியை மாட்டும் முன் பாருங்கள், இல்லையென்றால் புதிய ஆல்டர்னேட்டர் ஒரு நொடியில் போய்விடும். வயர்க் கொத்தின் துணி உறை உதிர்ந்திருந்தால் ஒட்டுப்போடாமல் முழுதாக மாற்றி, பியூஸ்களைக் கூட்டுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் அது அரித்து இளக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றி, ஒரு தீயணைப்பானை முன் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு செலவாகும்?

எஞ்சின் விலையை மட்டும் சொல்லி வீட்டில் அனுமதி வாங்கியவர்கள் பிறகு சிக்கிக்கொள்கிறார்கள். பிரேக், ரேடியேட்டர், புரொபெல்லர் ஷாஃப்ட், லேத் வேலை, சைலன்சர், வயரிங், டயர் எல்லாம் சேர்ந்தால் எஞ்சின் விலையைத் தாண்டிவிடும். முழுப் பட்டியலையும் எழுதிக் கூட்டிவிட்டு வீட்டில் பேசுங்கள்.

முதலில் எங்கே ஓட்டிப் பார்ப்பது?

தெருவுக்குள் முதலில். எண்ணெய் அழுத்தம், கசிவு, கிளட்ச் முழுதாக விடுகிறதா, பிரேக் நேராக நிறுத்துகிறதா என்று பார்த்துவிட்டு எல்லா போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். அடுத்து தூத்துக்குடிச் சாலையின் சமதளத்தில், அதிகாலையில், நிதானமான வேகத்தில். அதற்குப் பிறகு ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் தெற்கு நோக்கிப் போய்ப் பாருங்கள். காற்றாலைகளைச் சுழற்றும் அதே எதிர்காற்று உங்கள் எஞ்சினையும் நீண்ட நேரம் உழைக்கவைக்கும். அங்கே வெப்பமுள் நிலையாக நின்றால் குளிர்விப்பு சரி. மலைப்பாதை கடைசியில்தான், அதுவும் இறக்கத்தில் பிரேக்கைச் சோதித்துப் பழகிய பிறகு. ஸ்பானர்ப் பெட்டியும், கூலன்ட்டும், கூட ஒரு ஆளும் இல்லாமல் போகவேண்டாம்.

கழற்றிய பழைய எஞ்சினை ஆக்கர் கடைக்கு (பழைய இரும்புக் கடைக்கு) போட்டுவிடலாமா?

போடாதீர்கள். ஆர்.சி.யில் உள்ள எண் அதன்மேல்தான் இருக்கிறது. அலுவலகம் நாளைக்கு மாற்றத்தை ஏற்காமல் போகலாம், அல்லது உங்கள் வண்டி 50 வயதைத் தொடும்போது நீங்களே மனம் மாறலாம். ஸ்பார்க் பிளக் துளைகள் வழியாகக் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, கையால் சில சுற்று சுற்றி, எல்லாத் துளைகளையும் துணியும் டேப்பும் கொண்டு அடைத்து, மரச்சட்டத்தின்மேல் தரையில் படாமல் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிராங்க்கை அரைச் சுற்று திருப்பிவிடுங்கள். கழற்றிய மவுண்டிங்குகளையும் போல்ட்டுகளையும் பெயர் எழுதிய டப்பாக்களில் போட்டு அதன் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.